“குண்டாஸ் போட்டுட்டாங்க”: குண்டர் தடுப்புச் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்களை, அதாவது சட்டவிரோதமாகக் காவலில் இருப்பவரை விடுவிக்கக் கேட்கும் மனுக்களை, கையாள்வது என் அன்றாட வேலை. கையில் மஞ்சள் பையோடு வரும் தாய்மார்களும் மனைவிமார்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சட்டத்தைப் பற்றிப் பேசும்போது நண்பர்கள் என்னிடம் சண்டைக்கு வரும் கேள்விகள் சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

குண்டாஸ் என்றால் என்ன? அதுவும் ஒரு கேஸ்தானா?

இல்லை. முதலில் மனதில் ஏற்ற வேண்டியது இதுதான். கேஸ் என்றால் குற்றச்சாட்டு, சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு எல்லாம் உண்டு. குண்டாஸில் இவை எதுவும் கிடையாது. 1982-ம் ஆண்டின் தமிழ்நாடு 14-வது சட்டத்தின் கீழ் ஓர் அதிகாரி போடும் தடுப்புக் காவல் ஆணை அது. “இவர் இதைச் செய்தார்” என்று நிரூபிப்பதற்கு அல்ல, “இவரை வெளியே விட்டால் இனிமேல் செய்வார்” என்று அதிகாரி நம்புவதற்காக ஒருவரை 12 மாதம் வரை சிறையில் வைக்கலாம். அந்த நம்பிக்கை சரியா தவறா என்று முன்கூட்டியே எந்த நீதிபதியும் பார்ப்பதில்லை.

ஏற்கெனவே போட்ட வழக்கு தனியாக நடந்துகொண்டிருக்கும். குண்டாஸில் கழித்த மாதங்கள் பின்னால் அந்த வழக்கில் கிடைக்கும் தண்டனையில் பொதுவாகக் கழிக்கப்படுவதும் இல்லை. அது தண்டனையே இல்லை என்பது சட்டத்தின் வாதம். புழல் சிறையின் சுவர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

விசாரணையே இல்லாமல் ஓராண்டு உள்ளே வைக்க அரசியல் சட்டம் விடுகிறதா?

விடுகிறது. கைதானவரை 24 மணி நேரத்தில் நடுவர் முன் நிறுத்த வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும் என்று 22-வது பிரிவின் முதல் இரண்டு உட்பிரிவுகள் சொல்கின்றன. மூன்றாவது உட்பிரிவு, தடுப்புக் காவலுக்கு இவை பொருந்தாது என்கிறது. ஒரே பிரிவில் கதவைத் திறந்துவைத்து அதே பிரிவில் சாத்தியும் விட்டார்கள்.

இந்த வழக்கம் வெள்ளைக்காரன் காலத்தது. வங்காளத்தில் 1818-ம் ஆண்டின் மூன்றாவது ஒழுங்குமுறை, சென்னை மாகாணத்தில் 1819-ம் ஆண்டின் இரண்டாவது ஒழுங்குமுறை. அடுத்த நூற்றாண்டில் 1919-ன் ரௌலட் சட்டம். அதை எதிர்த்துத்தான் நாடே எழுந்தது. அப்படி எழுந்தவர்களே சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த ஒரே மாதத்தில், 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் பெரிய வழக்கும் நம் மண்ணிலிருந்து போனதுதான்: ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம். 1947 டிசம்பர் முதல் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் அவர். ஒரு பிரிவை மட்டும் நீக்கிவிட்டு, சட்டம் செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. நீதிபதி ஃபசல் அலி பெரும்பான்மையோடு உடன்படாமல் தனித் தீர்ப்பு எழுதினார்.

எனக்கு மிகவும் வலிக்கும் செய்தி இதற்குப் பிறகு வருவது. நெருக்கடி நிலையின் கொடுமைகளைப் பார்த்த நாடாளுமன்றம், 1978-ல் 44-வது திருத்தத்தில், தடுப்புக் காவலுக்குக் கொஞ்சம் கடிவாளம் போட்டது. காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் மூவர் குழுவான அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. கழக உறுப்பினர்களை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அமர்த்த வேண்டும் என்றது. அந்த ஒரு பகுதி மட்டும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். எந்தக் கட்சி ஆண்டபோதும் அது வெளியாகவில்லை.

ஆணையை யார் போடுவது? காலக்கெடு ஏதாவது உண்டா?

மாநகரங்களில் காவல் ஆணையர், மாவட்டங்களில் ஆட்சியர். ஆணை போட்ட 12 நாளுக்குள் அரசு அதை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆணை செத்துவிடும். பிடித்துவைத்த 5 நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். 3 வாரத்துக்குள் கோப்பு அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும், 7 வாரத்துக்குள் அது கருத்துச் சொல்ல வேண்டும். இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல ஆணைகள் உடைவது இந்தத் தேதிகளில்தான்.

சிறையில் கொடுத்த அந்தத் தடிமனான புத்தகம் என்ன?

நாங்கள் அதை புக்லெட் என்போம். ஆணை, காரணங்கள், முதல் தகவல் அறிக்கை, வாக்குமூலங்கள், ரிமாண்ட் காகிதங்கள், ஜாமீன் உத்தரவுகள் என்று எல்லாவற்றையும் தைத்துக் கொடுப்பார்கள். நூறு பக்கத்துக்குக் குறையாது. உங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான், தொலைத்துவிடாதீர்கள்.

அதைத் திறந்தால் முதலில் “அட்வர்ஸ் கேஸ்” வரும், அதாவது பழைய வழக்குகள். பிறகு “கிரவுண்ட் கேஸ்”, ஆணைக்குக் காரணமான கடைசிச் சம்பவம். பத்து புக்லெட்டைப் படித்தவருக்குப் பதினொன்றாவதில் கிரவுண்ட் கேஸ் எப்படிப் போகும் என்று பார்க்காமலே சொல்லத் தெரியும். காலை நேரம், கடைத்தெரு. ஒருவர் நடந்து வருகிறார். கத்தியைக் காட்டி அவர் சட்டைப் பையிலிருந்து சில நூறு ரூபாயை எடுக்கிறார்கள். அவர் கூச்சல் போடுகிறார். பொதுமக்கள் உதவிக்கு ஓடி வருகிறார்கள். “கிட்ட வந்தா குத்திடுவேன்” என்கிறான். மக்கள் சிதறி ஓடுகிறார்கள், கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குகிறார்கள், போக்குவரத்து நிற்கிறது. ஊர் மாறும், தெரு மாறும், தொகை மாறும். ஷட்டர் மட்டும் தவறாமல் இறங்கும்.

அந்த ஷட்டர் ஏன் இறங்கியே ஆக வேண்டும்?

ஒரு திருட்டோ அடிதடியோ நடந்தால் அது “சட்டம் ஒழுங்கு” பிரச்சினை. அதற்குச் சாதாரணச் சட்டம் போதும். தடுப்புக் காவலுக்கு “பொது ஒழுங்கு” குலைந்திருக்க வேண்டும். ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி இதயத்துல்லா இதை மூன்று வட்டங்களாக வரைந்து காட்டினார். வெளி வட்டம் சட்டம் ஒழுங்கு. அதற்குள் சிறிய வட்டம் பொது ஒழுங்கு. அதற்கும் உள்ளே இன்னும் சிறியது நாட்டின் பாதுகாப்பு. வெளி வட்டத்தில் நடப்பதெல்லாம் உள் வட்டத்தைத் தொட்டுவிடாது. இரண்டு பேர் டீக்கடையில் அடித்துக்கொண்டால் அவர்களுக்குத்தான் காயம். ஊரின் நடமாட்டமே முடங்கினால்தான் பொது ஒழுங்கு.

அதனால் ஒவ்வொரு தனிச் சண்டையையும் உள் வட்டத்துக்குள் தள்ள ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது. அந்த வாக்கியம்தான் ஷட்டர். சட்டமும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது: பொதுமக்களிடையே பாதுகாப்பின்மை உணர்வு உண்டாகக்கூடும் என்றாலே பொது ஒழுங்கு பாதிக்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்று விளக்கம் எழுதிவைத்திருக்கிறது. உணர்வு உண்டாகக்கூடும் என்பதை யாரால் பொய் என்று நிரூபிக்க முடியும்?

ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பவருக்கு எதற்குத் தடுப்புக் காவல்?

சரியான கேள்வி. உள்ளே இருப்பவரால் வெளியே குற்றம் செய்ய முடியாது. ஆகவே “அவர் ஜாமீனில் வெளிவர உண்மையான வாய்ப்பு இருக்கிறது” என்று அதிகாரி எழுதுவார். அதற்கு ஆதாரமாக, “இதே போன்ற வழக்கில் வேறொருவருக்கு ஜாமீன் கிடைத்திருக்கிறது” என்று எங்கோ நடந்த ஒரு வழக்கைக் காட்டுவார். 2011-ல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகப் பார்த்தது. காலாவதியான மருந்து விற்றதாகச் சொல்லப்பட்ட வழக்கு அது. ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது வெளிவருவார் என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள், அந்த “இதே போன்ற வழக்கு” எது, தேதி என்ன என்றெல்லாம் கேட்டு ஆணையை ரத்து செய்தது. சாதாரணச் சட்டத்தால் சமாளிக்க முடிகிற இடத்தில் தடுப்புக் காவல் போடுவது சட்டவிரோதம் என்றும் சொன்னது.

ஜாமீன் கொடுக்கக் கூடாது என்று நினைத்தால் அரசு வழக்கறிஞர் எழுந்து எதிர்க்கலாம். கொடுத்த பிறகு மீறினால் ரத்து செய்யக் கேட்கலாம். அந்த வேலையைச் செய்வதைவிட புக்லெட் தைப்பது எளிதாகிவிட்டது.

அறிவுரைக் கழகத்தில் வக்கீல் பேசலாமா?

சட்டப்படி வக்கீலுக்கு இடமில்லை. சிறையில் இருப்பவர் தானே பேச வேண்டும், உறவினரோ நண்பரோ துணைக்கு இருக்கலாம். தலைவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர். முன்னே மூன்று பேர், பக்கத்தில் போலீஸ், கையில் தனக்கே புரியாத நூறு பக்கம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். என்னிடம் வந்த ஓர் இளைஞன், எட்டாம் வகுப்போடு நின்றவன், “என்ன கேட்டாங்கன்னே புரியல சார், ‘இனிமே செய்ய மாட்டேன்’னு சொல்லிட்டேன்” என்றான். செய்யவே இல்லை என்று சொல்ல வந்தவன் அவன்.

இந்தச் சட்டம் யாருக்கெல்லாம் பொருந்தும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

1982-ல் பட்டியல் சிறியது: கள்ளச் சாராயம் விற்பவர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர், விபசாரத் தொழில் நடத்துபவர், குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர். 1988-ல் வனக் குற்றவாளிகள் சேர்ந்தார்கள். 2004-ல் திருட்டு விசிடிக்காரர்கள். பிறகு மணல் கடத்துபவர்கள். 2014-ல் பாலியல் குற்றவாளிகளும் சைபர் குற்றவாளிகளும். இவர்களுக்கு முதல் குற்றமே போதும் என்றும் ஆயிற்று. 2025-ல் மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுபவர்கள்.

ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் யாருக்கும் மறுக்கத் தோன்றாது. மணல் கொள்ளையனுக்காக யார் பரிந்து பேசுவார்? குழந்தையைச் சிதைத்தவனுக்காக? கேரளத்திலிருந்து லாரியில் ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டுவந்து எல்லையோரக் கிராமத்தில் கொட்டியதைப் பார்த்து எனக்கும் ரத்தம் கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் ஒவ்வொரு முறையும் பட்டியல் நீள்கிறது. சினிமா வட்டைப் பிரதி எடுப்பவனும் கூலிக்குக் கொலை செய்பவனும் ஒரே சட்டத்தில், ஒரே 12 மாதத்தில் வந்து நிற்கிறார்கள். சேர்த்த எந்த வகையையும் யாரும் எடுக்கவில்லை. விசிடியே வழக்கொழிந்துவிட்டது, சட்டத்தில் அது இருக்கிறது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களில் தடுப்புக் காவல் கைதிகள் எண்ணிக்கையில் தமிழ்நாடு பலமுறை முதலிடத்தில் நின்றிருக்கிறது. கல்வியிலும் மருத்துவத்திலும் முதலிடம் என்று சொல்லிக்கொள்ளும்போது இதையும் நினைத்துக்கொள்கிறேன்.

ரவுடிகளை வேறு எப்படித்தான் அடக்குவது? உன் வீட்டில் நடந்தால் இப்படிப் பேசுவாயா?

நியாயமான கோபம். மாமூல் கேட்டு மிரட்டுகிறவனுக்குப் பயந்து வாழும் தெருக்கள் எனக்குத் தெரியும். அந்தத் தெருக்காரர்களுக்குக் குண்டாஸ் நிம்மதியாகத் தெரிவதையும் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த நிம்மதி எத்தனை நாள்? அவன் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து வெளியே வருகிறான், குற்றவாளி என்று எந்தத் தீர்ப்பும் இல்லாமல். அதே காலத்தில் அவன் மீதான வழக்கில் சாட்சிகளைக் காப்பாற்றி, குற்றப்பத்திரிகையைச் சரியாக எழுதி, விசாரணையை முடித்திருந்தால் ஏழு ஆண்டோ பத்து ஆண்டோ தண்டனை வாங்கிக் கொடுத்திருக்கலாம். குண்டாஸ் போட்டதும் செய்தித்தாளில் படம் வந்துவிடுகிறது, அழுத்தம் குறைந்துவிடுகிறது, வழக்கு தூங்கப் போய்விடுகிறது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்குக் கிடைக்க வேண்டியது தீர்ப்பு.

இது சமூக விரோதிகளுக்கு மட்டும்தானே? போராடுகிறவர்களுக்கும் போடுவார்களா?

போட்டிருக்கிறார்கள், எல்லா ஆட்சியிலும். 2017 மே மாதம் மெரினாவில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடத்த வந்த திருமுருகன் காந்தி உட்பட நான்கு பேர் மீது குண்டாஸ் போட்டது அதிமுக அரசு. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மீதும் போட்டார்கள், அதுவும் ரத்தானது. 2023 நவம்பரில் செய்யாறு பக்கம் மேல்மா சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் தர மறுத்துப் போராடிய விவசாயிகள் ஏழு பேர் மீது போட்டது திமுக அரசு. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் ஆறு பேர் மீதான ஆணையை அரசே விலக்கிக்கொண்டது. ஊரே அஞ்சும் ஆபத்தானவர்கள் அதற்குள் எப்படித் திருந்தினார்கள்?

2024-ல் யூடியூபர் சவுக்கு சங்கர் மீது மே மாதம் போட்ட ஆணையை ஆகஸ்ட் 9 அன்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகஸ்ட் 12 அன்று அடுத்த ஆணை வந்தது, அதுவும் செப்டம்பரில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அவர் பேச்சு பிடிக்காதவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் மூன்று நாளில் மறு ஆணை என்பது நீதிமன்றத்தின் தீர்ப்பையே ஒன்றுமில்லாமல் ஆக்குவது.

நம் கட்சிகள் மறந்துவிடக் கூடாத வரலாறு அவர்களுக்கே இருக்கிறது. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் பிடிபட்டு சென்னை மத்திய சிறைக்குள் திமுகவினர் அடிபட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்தக் காயங்களோடு போனவர் மீளவே இல்லை. நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அதை விசாரித்தது. 2002-ல் பயங்கரவாதத் தடுப்புக்கான பொடா சட்டத்தை ஆதரித்த கூட்டணியில் வைகோவின் மதிமுகவும் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய ஒரு பேச்சுக்காக அவரே அதே பொடாவில் கைதாகி 19 மாதம் வேலூர் சிறையில் இருந்தார்.

உபா சட்டமும் இதுவும் ஒன்றா?

இல்லை. உபா என்பது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். அதில் வழக்கு உண்டு, விசாரணை உண்டு. ஆனால் குற்றப்பத்திரிகை போட 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம், 2008 திருத்தத்துக்குப் பிறகு ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. 2019 முதல், அமைப்புகளை மட்டுமல்ல தனி மனிதரையும் தீர்ப்பில்லாமல் பயங்கரவாதி என்று அறிவிக்கலாம். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்கண்ட் பழங்குடிகளுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் உபாவில் கைதானார். பார்க்கின்சன் நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாத கை. உறிஞ்சிக் குடிக்க ஒரு குவளை வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், விசாரணையே தொடங்காமல் இறந்துபோனார்.

2024-ல் வந்த புதிய குற்றவியல் சட்டங்களில் போலீசுக்கு அதிகாரம் கூடியிருக்கிறதா?

கூடியிருக்கிறது. முன்பு போலீஸ் காவலில் எடுப்பதென்றால் கைதான முதல் 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். இப்போது அந்த 15 நாளைத் துண்டு துண்டாக, வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்தது 2020-ல். காவல் நிலையத்தில் ஓர் இரவு என்ன செய்யும் என்று தெரிந்த மாநிலத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறோம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நன்னடத்தைப் பிணை வாங்கி, மீறினால் சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தைத் தமிழ்நாட்டில் காவல் துணை ஆணையர்களுக்கே அரசாணை போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிடிப்பவரும் அவரே, தீர்ப்புச் சொல்பவரும் அவரே. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகள் செல்லாது என்றது.

பெரும்பாலும் ஐகோர்ட் உடைத்துவிடுகிறதே, பிறகு ஏன் இவ்வளவு கவலை?

எதற்காக உடைகிறது என்று பாருங்கள். புக்லெட்டில் ஒரு பக்கம் படிக்க முடியாத ஜெராக்ஸ், ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை, மனுவுக்குப் பதில் சொல்ல அரசு தாமதித்தது. இவை முக்கியமானவைதான், இவற்றை வைத்துத்தான் நானும் பிழைக்கிறேன், ஆட்களை வெளியே கொண்டுவருகிறேன். ஆனால் “இவரைப் பிடித்ததே தவறு” என்று அந்தத் தீர்ப்பு சொல்வதில்லை.

மனு எண் வாங்கி, நோட்டீஸ் போய், அரசு பதில் தாக்கல் செய்து, இறுதி விசாரணை வருவதற்குள் நாலைந்து மாதம் ஓடிவிடும். ஆணை தவறு என்று ஆன பிறகும் அந்த மாதங்களுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. நல்லெண்ணத்தில் செய்ததாக அதிகாரிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. வேலை போனது, வாடகை வீடு காலி செய்தது, மகளின் நிச்சயதார்த்தம் நின்றது, இவற்றுக்கு எந்தப் படிவமும் இல்லை. சென்ற ஆண்டு ஒரு பெயின்டரின் மனைவி ரத்து உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு, “அப்ப தப்பா புடிச்சதுக்கு என்ன குடுப்பாங்க?” என்று கேட்டார். சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ஆணை வந்த அன்றே நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

சிறைக்குப் போய் புக்லெட்டை வாங்குங்கள். அவருக்குத் தெரிந்த மொழியில் எல்லாப் பக்கமும் இருக்கிறதா, எழுத்து தெரிகிறதா பாருங்கள். ஆணை போட்ட அதிகாரிக்கும், அரசுக்கும், அறிவுரைக் கழகத்துக்கும் தனித்தனியாக மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் தாமதம் கணக்கிடப்படும். ஆட்கொணர்வு மனுவை மனைவி, தாய், நண்பர் யார் வேண்டுமானாலும் போடலாம். தென் மாவட்டமென்றால் மதுரைக் கிளை. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்டப் பணிகள் குழுவில் இலவசமாகக் கிடைப்பார், 15100 என்ற எண்ணில் கேளுங்கள். “அந்த ஸ்டேஷன்ல பேசி முடிச்சுத் தர்றேன்” என்று வருகிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். ஸ்டேஷனில் முடியும் கட்டத்தை இது தாண்டிவிட்டது.

ஆணை ரத்தானால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவாரா?

கிரவுண்ட் கேஸிலும் மற்ற வழக்குகளிலும் ஜாமீன் வாங்கியிருந்தால்தான். பலர் குண்டாஸ் உடையட்டும் என்று ஜாமீன் மனுவே போடாமல் இருந்துவிட்டு, மேலும் சில வாரம் உள்ளே கிடக்கிறார்கள். இரண்டு ஜாமீன்தாரர்களை முன்பே தயார் செய்து வையுங்கள். பழைய வழக்கு எதிலாவது பிடி வாரண்ட் நிலுவையில் இருந்தால் சிறை வாசலிலேயே மறுபடி பிடித்துப் போவார்கள், அதையும் விசாரித்து நீக்கி வையுங்கள். உத்தரவு நகல் சிறைக்குப் போய்ச் சேர மாலையாகிவிட்டால் அன்று விட மாட்டார்கள். மறுநாள் காலையில் போங்கள், மாற்று உடை ஒன்று எடுத்துக்கொண்டு.